ஓட்டைக் கண்மாய்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது, தம்பி. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிடுவேன். போலீஸ் ஸ்டேஷனில் அந்த ஏட்டையா அதற்குத்தான் திட்டினார். "இந்தாம்மா, மத்தியானத்துல ஆரம்பிச்சு காலையில போய் முடிக்கிற, நான் எப்படி எழுதுறது?" என்றார். நான் அஞ்சாவதோடு நின்றவள். கோவையாகச் சொல்லத் தெரியாது. தப்பாகச் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். இல்லை, கேட்காதீர்கள். நடுவில் கேட்டால் எனக்கு விட்ட இடம் மறந்துபோகும்.

நீங்கள் கண்டக்டரிடம் கேட்டது காதில் விழுந்தது. இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஆம்பிளைப் பிள்ளையிடம் நான் எதற்குப் பேச்சுக் கொடுக்கப் போகிறேன். "ஓட்டைக் கண்மாய்க்கு எங்க இறங்கணும்?" என்று கேட்டீர்கள். கையில் தூண்டில் பை. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான், பார்த்தீர்களா? சிரிக்கத்தான் செய்வான். அவனும் இந்தப் பக்கத்துக்காரன்தானே.

யார் சொன்னது உங்களுக்கு, அங்கே விரால் கிடைக்கும் என்று? டீக்கடையில் ஒருத்தர் கை நீளத்துக்கு ஒரு விராலை வைத்துக்கொண்டு நின்றிருப்பார். எங்கே பிடித்தீர்கள் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவரும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். அப்படித்தானே? அடப் பாவமே.

ஓட்டைக் கண்மாய் என்று ஒரு கண்மாய் இருக்கத்தான் செய்கிறது, தம்பி. மடை உடைந்து போன கண்மாய். நான் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே அதில் தண்ணீர் நிற்காது. ஐப்பசியில் பெய்தது தைக்குள் ஓடிவிடும். உள்ளே முழுக்கச் சீமைக்கருவேல முள். தவளைகூட வேறு ஊர் பார்த்துப் போய்விட்டது. ஆனால் இந்தப் பக்கத்தில் தூண்டில் போடுகிற யாரைக் கேட்டாலும், எங்கே பிடித்தாய் என்றால் "ஓட்டைக் கண்மாய்" என்றுதான் சொல்வார்கள். உனக்குச் சொல்லமாட்டேன் போடா என்று அர்த்தம். தெரிந்தவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். தெரியாதவன் பஸ் ஏறிப் போவான், உங்களை மாதிரி.

கோபப்படாதீர்கள். நல்ல தண்ணீரை யாரும் லேசில் சொல்லமாட்டார்கள். அதோ, இடது பக்கம் வருகிறது பாருங்கள், பெரிய கண்மாய். மீன் இருக்கிறது. ஆனால் குத்தகை. நீங்கள் தூண்டில் கம்பை நீட்டினால் காவல்காரன் மூங்கில் கம்பை நீட்டுவான். இன்னும் கொஞ்சம் தள்ளி அல்லிக்குளம். விரால் உண்டு. அது பாட்டுக்கு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வீசின தூண்டிலெல்லாம் அல்லித் தண்டில்தான் சிக்கும். கோயில் ஊரணியில் இருப்பது சாமி மீன், தொடக்கூடாது. செங்கல் சூளைப் பள்ளங்களில் கெளுத்தி கிடைக்கும், விரால் அபூர்வம். குத்தகையும் இல்லாமல், சாமியும் இல்லாமல், விராலும் இருக்கிற தண்ணீர் என்றால் இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைக் கண்டுபிடித்தவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான்.

என்னிடம் சொன்னதில்லை எங்கள் வீட்டுக்காரர். சேவுகன் என்று பேர். அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். இடுப்பு போனபிறகு தூண்டிலைத் தூக்கிக்கொண்டார். விடியும்முன் சைக்கிளில் கிளம்புவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனோடு வருவார். எங்கே போகிறார் என்று கேட்கக்கூடாது. புறப்படுகிற ஆளை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள் இல்லையா, அது தூண்டில்காரர்களுக்கு இரட்டை மடங்கு. புதிதில் ஒருநாள் வாய் தவறி, "எங்க போறீக?" என்று கேட்டுவிட்டேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

"போச்சு. இனி ஒரு கெண்டைக் குஞ்சுகூட மோந்து பாக்காது. போற ஆளை வாயாலயே கட்டிப்போட்டுட்டியே ராக்கு!"

"தண்ணியில போறீக, எனக்குப் பயமா இருக்காதா?"

"தண்ணியில மீன்தான் போகுது. நான் கரையில ஒக்காந்துருக்கேன்."

அப்படித்தான் பேசுவார். கேலி பண்ணாமல் ஒரு பதில் வராது.

ஆனால் நான் பயந்தாங்கொள்ளி. தெரியாமல் என்னால் இருக்கமுடியாது. அதனால் கேட்காமலே தெரிந்துகொள்ளப் பழகினேன். துவைக்கிறது நான்தானே? வேட்டி ஓரத்தில் கறுப்புச் சேறு இருந்தால் கண்மாய்க்குள் இறங்கியிருக்கிறார். செம்மண் என்றால் சூளைப் பள்ளம். பச்சைப் பாசி வாடை அடித்தால் அல்லிக்குளம். அந்தப் பங்குனியில் வேட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தூசி. தட்டினால் மாவு மாதிரிப் பறக்கும். கல்லுத் தூசி. மூடிப்போட்ட பழைய குவாரி ஒன்று இருக்கிறது எங்கள் ஊருக்கு வடக்கே. மலையைப் படிபடியாக வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே பச்சைத் தண்ணீர், எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் மழை இல்லை. கண்மாய், குளம் எல்லாம் வெடித்துக் கிடந்தது. அவர் மட்டும் மீன் கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் என் முழங்கை கனம். தெருவே எட்டிப் பார்க்கும்.

"எங்கண்ணே?" என்று கேட்பார்கள்.

"ஓட்டைக் கண்மாய்" என்பார்.

நானும் அதையேதான் சொல்வேன். அவர் அப்படிப் பழக்கி வைத்திருந்தார். கடையில் கேட்டாலும் ஓட்டைக் கண்மாய், தண்ணீர்க் குழாயில் கேட்டாலும் ஓட்டைக் கண்மாய். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடாது, அதுதான் கஷ்டம். அவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். "இப்பத்தான் நீ தூண்டில்காரன் பொண்டாட்டி" என்பார். அந்த வார்த்தைக்காகவே நான் நூறு தடவை சொல்வேன்.

அவருக்குக் கூட்டாளி தவசி. மில்லில் ஒன்றாக மூட்டை தூக்கினவன். என்னை மதினி என்பான். உறவில்லை, பழக்கத்தில் வந்த முறைதான். அந்தக் குவாரித் தண்ணீரைக் கண்டுபிடித்ததே அவர்கள் இரண்டு பேரும்தான். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "மதினி வைக்கிற கொழம்புக்குப் பயந்துதான் அண்ணே விராலு ஆழத்துல ஒளியுது" என்பான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். இப்போது சொல்கிறேன் கேளுங்கள், அவன் செய்ததை எந்தச் சாமியும் மன்னிக்காது.

அன்றைக்குத் தவசி போகவில்லை. ஏதோ கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற வேலை என்று தங்கிவிட்டான். அவர் மட்டும் போனார். நான் புளியைக் கரைத்து, மாங்காய் போட்டு, குழம்பைக் கூட்டிக் கொதிக்கவிட்டேன். மீன் வந்ததும் போட்டால் சரியாக இருக்கும். கொதித்துக் கொதித்துக் குழம்பு வற்றியது. தண்ணீர் ஊற்றினேன். மறுபடி வற்றியது.

பக்கத்து வீட்டுப் பாப்பு எட்டிப் பார்த்தாள். தேனிப் பக்கம் இருந்து எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தவர்கள், அவளும் அவள் புருஷன் மாயழகும். நல்ல பிள்ளை.

"என்னக்கா, கொழம்பு வாசம் தெருவைத் தூக்குது, மீனு வாசத்தைக் காணோம்? அண்ணன் எங்க?"

"ஓட்டைக் கண்மாய்க்குப் போயிருக்காரு."

"அது எங்கக்கா இருக்கு?"

"மேக்க இருக்கு."

சொன்னேன். அவள் போய்விட்டாள். வெயில் சாய ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. எப்போதும் அடிக்கிறதுதான், அவர் கொஞ்சம் தாமதமானாலே அடிக்கும், அவர் வந்து கேலி பண்ணுவார். அதனால் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் முடியவில்லை. பாப்பு வீட்டுக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததுமே மாயழகு சட்டையை மாட்டினார். பாப்புதான் எல்லாம் சொன்னாள், ஓட்டைக் கண்மாய், மேக்க, அது இது என்று.

"அக்கா, ஓட்டைக் கண்மாய்தானே?" என்று மாயழகு வண்டியை முறுக்கிக்கொண்டே கேட்டார். தெருவில் நாலு பேர் நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவர் இல்லாத நேரத்தில் அவருடைய தண்ணீரைத் தெருவில் நின்று நான் காட்டிக்கொடுக்க முடியுமா? அவர் பாட்டுக்கு ஆற அமர வந்து நின்றால் என்னைக் கொன்றுபோட மாட்டாரா? அவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடின தண்ணீர்.

மாயழகு போனார். பாவம், அந்த முள்ளுக்குள் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டிருக்கிறார். கையெல்லாம் கீறல். திரும்பி வரும்போது டீக்கடையில் தவசியைப் பார்த்திருக்கிறார். இங்கேதான் கவனமாகக் கேட்கவேண்டும், தம்பி. இதுதான் விஷயம். மாயழகே என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னது.

"சேவுகண்ணன் இன்னும் வீடு வரலை. ஓட்டைக் கண்மாய் பூரா தேடிட்டேன், ஆளைக் காணோம்" என்றாராம் இவர்.

"ஓட்டைக் கண்மாய்னு யாருய்யா சொன்னது?"

"ராக்கக்காதான் சொன்னாங்க."

தவசி சிரித்தானாம். சிரித்தான்! "மதினியே சொல்லிருச்சுன்னா அப்புறம் என்ன, அங்கதான் இருப்பாரு. நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தானாம். மாயழகுக்கு என்ன தெரியும்? வெளியூர் ஆள். மறுபடியும் அந்த முள்ளுக்குள்ளேயே போய்விட்டார்.

தவசிக்குத் தெரியும், தம்பி. அவர் எங்கே போயிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். பங்குனி மாதம், ஊரில் வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது? ஒரு வார்த்தை, குவாரியிலே பார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தண்ணீரை எவனாவது பிடுங்கிக்கொள்வான் என்று பொத்தி வைத்தான். மனுசன் பெரிதா, மீன் பெரிதா? நான் சொன்னதாகவே இருக்கட்டும். நான் பொம்பளை, படிக்காதவள், பதறிப்போய் நிற்கிறேன். நான் சொன்னால் அவன் அதைத் திருத்த வேண்டாமா?

வெளிச்சம் இருக்கும்போதே ஆடு மேய்க்கிற கிழவி ஒருத்தி குவாரிப் பக்கம் ஒரு சைக்கிள் நிற்கிறது என்று வந்து சொன்னாள். "காலையில உள்ளருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு. பயக குளிச்சுக் கூத்தடிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாரு?"

"பேரு கேக்கலத்தா. கொரலுதான் கேட்டுச்சு."

எல்லாரும் ஓடினார்கள், முள்ளுக்குள் இருந்து திரும்பி வந்த மாயழகும்தான். தவசிதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். இறங்குகிற வழி அவனுக்குத்தானே தெரியும்.

வெட்டின பாறைப் படியில் கால் வழுக்கி, தண்ணீருக்கு மேலே இருந்த ஒரு திட்டில் விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்துபோயிருக்கிறது. எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். திட்டில் பீடித் துண்டுகள் கிடந்தன. எத்தனை என்று நான் கேட்கவில்லை. தீப்பெட்டியை நனையாமல் மேலே ஒரு கல் இடுக்கில் சொருகி வைத்திருந்தாராம். எப்படியும் ஆள் வரும் என்றுதானே வைத்திருக்கிறார்? வருவார்கள், வருவார்கள் என்று குடித்துக் குடித்துப் போட்டிருக்கிறார். அப்புறம் தாகமோ, பொறுக்கமுடியாமல் தானே ஏறிப் பார்த்தாரோ, தண்ணீருக்குள் போய்விட்டார். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது, "விழுந்ததும் உயிர் போகலைம்மா. மத்தியானம் தாண்டியும் இருந்திருக்காரு."

மத்தியானம் தாண்டியும். நான் குழம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் இருங்கள், தம்பி. ஒன்றுமில்லை. ஜன்னல் காற்று.

இன்னொன்று சொல்லவேண்டும், அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அவர் பிடித்த விரால், செவுளில் கயிறு கோத்துத் தண்ணீரில் விட்டுக் கட்டியிருந்தார். அது உயிரோடு இருந்தது. விராலுக்கு உயிர் கெட்டி. அவரை மேலே தூக்கிக் கிடத்தினதும், மாயழகு அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாராம். தவசி வந்து வாங்கி, பல்லால் கயிற்றை அறுத்து, அதைத் தண்ணீரில் விட்டுவிட்டான். யாரைக் கேட்டு விட்டான்? எனக்கு என்று அவர் கட்டி வைத்தது. அவர் கடைசியாகப் பிடித்தது. நான் அதைச் சாப்பிட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள். சாப்பிடுகிறேன், மண்ணில் புதைக்கிறேன், அது என் பாடு. என் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

கருமாதி அன்றைக்குத் தவசி வந்து மூலையில் உட்கார்ந்தான். இலை போட்டார்கள், கை வைக்கவில்லை. அத்தனை பேர் மத்தியில் நான் கேட்டேன். "டீ ருசியா இருந்துச்சாடா?" என்று கேட்டேன். அவன் எழுந்து போனான். ஊரே அவனைத்தான் பேசியது. பேசட்டும். யாரும் அவனைப் பந்தல் வேலைக்குக்கூடக் கூப்பிடுவதில்லை என்கிறார்கள். அவன் தூண்டிலையெல்லாம் முறித்து அடுப்பில் போட்டுவிட்டானாம். அவன் பெண்டாட்டி என்னைக் குழாயடியில் பார்த்து, "அக்கா, அவரு ராத்திரியில தூங்குறது இல்லக்கா" என்றாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் மட்டும் தூங்குகிறேனா?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். சந்தை நாளில் வருவான். வாசலில் நிற்பான், உள்ளே வரமாட்டான். காய்கறி ஏதாவது ஒரு பையில் கொண்டுவந்து வைப்பான். நான் எடுக்கமாட்டேன். ஆள் பாதியாகப் போய்விட்டான், சட்டை அவன்மேல் தொங்கும்.

"மதினி, ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிர்றேன்."

"உன் வார்த்தை அன்னைக்கு எங்க போச்சு?"

"அதைத்தான் மதினி சொல்ல வாரேன். ஓட்டைக் கண்மாய்னு நீங்க சொல்லி விட்டதாச் சொன்னதும், சரி, மதினி மறைக்குதுன்னா அண்ணன் நல்லா இருக்காருன்னு..."

நான் கதவைச் சாத்திவிட்டேன். முழுசாகக் கேட்கவில்லை. என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கதவுக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னான், தெருவுக்கே கேட்கிற மாதிரி இல்லை, மெதுவாகத்தான். "நாம ரெண்டு பேருமே அண்ணனை விட்டுட்டோமே மதினி. எனக்கு யாருகிட்டச் சொல்லி அழுகன்னு தெரியல."

நாமாம்! நாம் என்று எதில் சேர்த்தான் என்னை? டீக்கடையில் நானா உட்கார்ந்திருந்தேன்? இதை அவன் தெருவில் சொன்னால் என்ன ஆகும்? பாப்பு காதில் விழுந்தால்? அவளே இப்போதெல்லாம் முன்னைப்போலப் பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் எதையோ கேட்க வருகிற மாதிரி வாயைத் திறக்கிறாள், அப்புறம் "சாப்பிட்டீங்களாக்கா" என்கிறாள். மாயழகு என்னைப் பார்த்தால் கையைப் பார்த்துக்கொள்கிறார், அந்த முள்ளுக் கீறல் ஆறின தழும்பை. எல்லாம் தவசி ஏதோ கிளப்பிவிட்டிருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் தனி ஆள், தம்பி. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளிடம் சொன்னால், "பாவம்மா தவசி மாமா, உள்ள கூப்பிட்டு ஒரு வாய்த் தண்ணி குடு" என்கிறாள். அவளையும் அவன் போனில் பிடித்துவிட்டான் போல. ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன். இவன் வந்து வாசலில் கத்தரிக்காய் வைக்கிறான் என்று எப்படிச் சொல்வது? அந்த ஏட்டையா மறுபடியும் முதலில் இருந்து சொல்லு என்பார். முதலில் இருந்து சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் எனக்கு நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். சந்தை நாளில் காலையிலேயே சமைத்து முடித்துவிடுவேன். முன்கதவை வெளியே பூட்டுவேன். நல்ல பெரிய பூட்டு, தெருமுனையில் இருந்து பார்த்தாலே தெரியும். பூட்டிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி, மாட்டுக் கொட்டகைச் சந்து வழியாக உள்ளே வந்து, பின்கதவைத் தாழ்போட்டுக்கொள்வேன். ஆள் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவன் வருவான். பூட்டைத் தொட்டுப் பார்ப்பான், சங்கிலி கிணுகிணுக்கும். உடனே போகமாட்டான். வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான். உட்கார்ந்து பீடி பற்றவைப்பான், வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். நான் முந்தானையை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு, அவன் எழுந்து போகிறவரை சத்தம் வராமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன்.